சுவைத்தபின் திருப்பித் தருக

அது ரத்தம் இல்லம்மா. மொளகாய்.

ஆத்தாடி, ரத்தமான்னு கேக்கியளே! ஜட்ஜு வீட்டுச் சீட்டுன்னா ரத்தம் படணுமா? எங்க வீட்டு சார் அப்ப தூக்குத் தண்டனை குடுக்குத ஜட்ஜு இல்ல. சப் ஜட்ஜு. வாய்க்கா, வரப்பு, தோப்பு, தொரவு, பாகப்பிரிவினை, அவ்வளவுதான். அந்தப் போட்டோவ இப்பிடிக் குடுங்க, வெளிச்சத்துல பாக்கேன். ஆமா. அதேதான். செவப்பா இருக்கது மொளகாய். ஓரத்துல மஞ்சப் பொடி. தராசு மேல பளபளன்னு தெரியுதுல்லா, அது வெளக்கெண்ணெய். மாவடுக்கு வெளக்கெண்ணெய் தடவாம உப்புல போடுதவளுக்கெல்லாம் எதுக்கு அடுக்களை?

உக்காருங்க. மெட்ராஸ்லேருந்து பாளையங்கோட்டை வரைக்கும் ஒரு சீட்டுக்காக வந்திருக்கிய. முந்தாநாள் போன்ல நீங்க "புக்பிளேட்டு"ன்னு சொன்னதும் நான் தட்டுன்னு நெனச்சிட்டேன். பழைய ஜட்ஜுமார் வீட்டுத் தட்டெல்லாம் பாக்க வாராக போலன்னு பரண்லேருந்து பதினெட்டுத் தட்டையும் எறக்கி, புளி போட்டு வெளக்கி வச்சிருக்கேன். அந்தா அடுக்கியிருக்கு பாருங்க. வந்ததுக்கு அதையும் பாத்துட்டுப் போங்க. வேல மெனக்கெட்டு வெளக்கினது.

சரி, லேபிளு. நான் லேபிளுன்னுதான் சொல்லுவேன். அவுக இருக்கும்போது அப்பிடிச் சொன்னா கோவம் வரும். "உலகு, அது லேபிள் இல்ல, அது புத்தகத்தோட முகம்"பாக. முகமாம். பின்னால பசை தடவி, தண்ணியத் தொட்டு ஒட்டுத சாமானுக்கு முகமாம்.

எங்களுக்குக் கல்யாணம் ஆயி ஆறாவது வருசம். அவுகளுக்கு அப்ப காவேரிக் கரையில ஒரு ஊர்ல உத்தியோகம். ஊர்ப் பேரு வேண்டாம், எழுதாதிய. இந்தக் கதையில வார வக்கீல்மாரோட பேரன் பேத்தியெல்லாம் இன்னும் அங்கதான் இருக்காகளாம். அங்க போன வருசம் அவுகளுக்கு இந்த ஆசை வந்துது. அந்தக் காலத்து வெள்ளக்கார ஜட்ஜு, பெரிய பெரிய பாரிஸ்டர் எல்லாம் தன் புஸ்தகத்துல தனக்குன்னு ஒரு படம் போட்டுச் சீட்டு ஒட்டுவாகளாம். அதுமாதிரி தனக்கும் வேணும்னு ஸ்கூல் டிராயிங் மாஸ்டரப் பிடிச்சு, மூணு மாசம் அவர் உசிர வாங்கி வரைய வச்சாக. மொதல்ல ஆந்தை. மாஸ்டர் வரைஞ்ச ஆந்தை அச்சு அசல் எங்க மாமனார் மாதிரியே இருந்துது. வேண்டாம்னுட்டாக. பொறவுதான் தராசு. ஒரு தட்டுல புஸ்தகம். இன்னொரு தட்டு காலி. ரெண்டும் சமமா நிக்கும்.

"காலித் தட்டு எப்பிடிங்க புஸ்தகத்துக்குச் சமமா நிக்கும்?"னு கேட்டேன்.

"வாசிக்கிறவனோட மனசு அதுல இருக்கு, உலகு. கண்ணுக்குத் தெரியாது"ன்னாக.

கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் மாஸ்டர் வரையாம விட்டதுல ஒரு ஆச்சரியமும் இல்ல.

படத்துக்கு மேல "உடையவர்: தி. கோமதிநாயகம், பி.ஏ., பி.எல்., சப் ஜட்ஜ்"னு இருக்கும். கீழ, இந்தா போட்டோவுல இருக்கே, அவுகளே யோசிச்சு யோசிச்சு எழுதினது: "சுவைத்தபின் திருப்பித் தருக."

நீங்க படிச்ச பிள்ளை. நீங்களே சொல்லுங்க. இது புஸ்தகத்துக்கு எழுதினதா, ஊறுகாய்க்கு எழுதினதா?

மெட்ராசுக்கு அனுப்பி அச்சு பிளாக் செஞ்சு ஐந்நூறு அடிச்சு வந்துது. வீட்டுல இருந்த புஸ்தகம் நூத்தி இருவது. ஞாயித்துக்கிழமை தவறாம உக்காந்து, ஸ்கேல் வச்சு அளந்து, ஓரம் கோணாம ஒட்டி, மேல அம்மிக்கொழவிய வச்சு அமுக்குவாக. எனக்கு ஞாயித்துக்கிழமை சட்டினி கெடையாது. மிச்சம் முந்நூத்தி எம்பது லேபிள எதுக்குன்னு கேட்டா, "இனிமே வாங்கப் போற புஸ்தகத்துக்கு"ன்னாக. பொறக்காத பிள்ளைக்கு முந்நூத்தி எம்பது அரைஞாண் கயிறு!

இங்க என் பாட்டையும் கேளுங்க. ஒரு வருசத்துக்கு நான் எத்தனை போடுவேன் தெரியுமா? மாவடு, நார்த்தங்காய், எலுமிச்சங்காய், மாகாளிக் கெழங்கு, வத்தல், வடகம், பொடி வகை தனி. எல்லாம் ஒரே மாதிரி ஜாடி, ஒரே மாதிரி டின்னு. அதுக்கு முந்தின வருசம் தாசில்தார் வீட்டுக்குப் பருப்புப் பொடின்னு சீயக்காப் பொடி போயிட்டுது. அந்த மனுசன் சுடுசோத்துல போட்டு, நெய் ஊத்திப் பெசஞ்சு, முக்கால்வாசி தின்னுட்டு, "திருநெவேலிப் பக்குவம் வேற மாதிரி இருக்கு"ன்னாராம். நல்ல மனுசன். ஆனா பாருங்க, எனக்கு எவ்வளவு கேவலம்!

வீட்டுல முந்நூத்தி எம்பது லேபிள் சும்மா கெடக்கு. பசையோட.

எடுத்தேன். என்ன தப்பு? காலித் தட்டு இருக்குல்லா, அந்த எடத்துல பேனாவால "மாவடு"ன்னு எழுதினா கச்சிதமா உக்காந்துது. இந்த எழுத்துக்காகவே மாஸ்டர் எடம் விட்ட மாதிரி. "நார்த்தங்காய்" கொஞ்சம் வெளிய நீட்டிச்சு, பரவாயில்ல. ஜாடி முடிஞ்சு டின்னு, டின்னு முடிஞ்சு பெட்டி, சாவிக்கொத்து, மண்ணெண்ணெய் டப்பா. கை பழகிட்டுதுன்னா நிக்காது, கேட்டியளா. எலிப்பொறியிலகூட ஒண்ணு ஒட்டினேன். "உடையவர் சப் ஜட்ஜ், சுவைத்தபின் திருப்பித் தருக"ன்னு. அதுக்குப் பொறவு அதுல ஒரு எலி விழல்ல. அதுக்கும் வாசிக்கத் தெரிஞ்சிருக்கு.

சாரு அடுக்களைப் பக்கம் வர மாட்டாக. ஸ்டோர் ரூம் எங்க இருக்குன்னே தெரியாது. அதனால அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. மறைச்சேன்னு நெனைக்காதிய. கேக்கல்ல, சொல்லல்ல.

அந்த வருசம் மாசி மாசம் குஞ்சம்மான்னு ஒருத்தி மாவடு கொண்டாந்தா. அந்த வடு இருக்கே, இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்கி. கோலிக்குண்டு மாதிரி உருண்டை, நுனியில கிளிமூக்கு மாதிரி ஒரு சின்ன வளைவு, காம்பக் கிள்ளினா பாலு பீச்சி அடிக்கும். அரைக்கூடை. பாதி வெலைக்கே குடுத்தா. ஏட்டி, ஏன் இவ்வளவு கொறைச்சல்னு நான் கேக்கல்ல. சாமி குடுக்கும்போது காரணம் கேக்கப்பிடாது. "யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா"ன்னா. மத்தவங்களும் அந்த வெலைக்குக் கேப்பாங்கள்ல, அதுக்குச் சொல்லுதா போலன்னு நெனச்சேன்.

பாருங்க, அந்த ஊர்லயே அந்த மாதிரி வடு காய்க்கிறது ஒரே ஒரு தோப்புதானாம். அந்தத் தோப்புக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேரு அடிச்சிக்கிட்டு கேசு நடக்குதாம். தீர்ப்பு வார வரைக்கும் ஒரு பயலும் ஒரு காய் பறிக்கக் கூடாதுன்னு தடை உத்தரவாம். தடை போட்டது யாருங்கிய? எங்க சாரு.

எனக்கு எப்பிடித் தெரியும்? கோர்ட்டு விசயத்த வீட்டுல பேச மாட்டாக. ரொம்ப நேர்மை. ஒரு வார்த்தை, "உலகு, அந்தத் தோப்புக் காய வாங்காத"ன்னு சொல்லியிருந்தா இவ்வளவு வந்திருக்குமா? இப்ப சொல்லுங்க, தப்பு யாரு மேல?

வடு நல்லா ஊறி, தோலு சுருங்கி, பங்குனி கடைசியில மாதர் சங்கக் கூட்டம் வந்துது. கூட்டத்துக்கு வெறுங்கையோட போக முடியுமா? ரெண்டு ஜாடி கொண்டு போனேன். ஒண்ணு வக்கீல் பிச்சுமணி சம்சாரம் தர்மாம்பாளுக்கு. அவரு அண்ணன்காரன் கட்சி. இன்னொண்ணு வக்கீல் அமிர்தகணேசன் சம்சாரம் செண்பகவல்லிக்கு. அவரு தம்பிக்காரன் கட்சி. ரெண்டு கட்சிக்கும் குடுத்திருக்கேன். இதுல பட்சபாதம் எங்க இருக்கு?

ஜாடி அளவு கொஞ்சம் முன்னப் பின்ன இருந்துது. அது தற்செயல். முந்தின கூட்டத்துல செண்பகவல்லி, "திருநெல்வேலி ஊறுகாயில காரம் மட்டுந்தான் இருக்கு, ருசி தனியா தேடணும்"னு பத்துப் பேரு முன்னால சொல்லியிருந்தா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கையில கெடைச்ச ஜாடி சின்னதா இருந்துது. அவ்வளவுதான். சின்னதுன்னா ரொம்பச் சின்னது இல்ல. கண் மருந்து ஜாடியவிட ஒரு சுத்துப் பெரிசு.

அவ வீட்டுக்குப் போயி புருசங்காரர்கிட்ட என்ன ஓதினாளோ தெரியாது. அடுத்த திங்கக்கிழமை கோர்ட்டுல நடந்தத பக்கிரிசாமி வந்து சொன்னாரு. பக்கிரிசாமின்னா சாருக்கு முன்னால வெள்ளிப் பட்டையத் தோள்ல மாட்டிக்கிட்டு "சத்தம் போடாதே"ன்னு சொல்லிட்டுப் போற டவாலி. பதினோரு மணிக்குக் கோர்ட்ட விட்டு ஓடி வந்து வாசல்ல நின்னு மூச்சு வாங்குதாரு.

"அம்மா, மோசம் போச்சுங்க. தோப்புக் கேசு கூப்பிட்டாங்க. வக்கீல் அமிர்தகணேசன் எந்திரிச்சு, பையிலேருந்து ஒரு ஜாடிய எடுத்து ஐயா மேசை மேலயே வெச்சுட்டாருங்க."

"சின்ன ஜாடியா?"ன்னு கேட்டேன்.

"சின்ன ஜாடிதாங்க. 'கனம் கோர்ட்டார் அவர்களே, இதுக்குள்ள இருக்கிறது வழக்குச் சொத்து. காம்பையும் மூக்கையும் பாத்தா கொழந்தைகூடச் சொல்லும். மேல ஒட்டியிருக்கிற சீட்டப் படிக்க அனுமதி வேணும்'னாருங்க. ஐயா பாத்தாங்க. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பாத்தாங்க. 'படிக்கலாம்'னாங்க."

"பொறவு?"

"படிச்சாருங்க. 'உடையவர்: தி. கோமதிநாயகம், சப் ஜட்ஜ். அண்ணனுக்கா தம்பிக்கான்னு ரெண்டு வருசமா வாதாடிக்கிட்டிருக்கோம். சொத்து யாருக்குன்னு ஜாடியிலயே தீர்ப்பு ஒட்டியாச்சு'ன்னாருங்க. அதோட விடல. 'நீதித் தராசையும் பாக்கணும். ஒரு தட்டுல சட்டம். மறு தட்டுல மாவடு. ரெண்டும் சரிசமமா நிக்குது, கோர்ட்டார் கவனிக்கணும்'னாருங்க. கோர்ட்டே சிரிச்சிடுச்சும்மா. குத்துக்கல்லு மாதிரி இருக்கிற அமீனாகூடச் சிரிச்சாருங்க."

"பிச்சுமணி வக்கீல் என்ன பண்ணினாரு? வாயில கொழுக்கட்டையா?"

"அவரு ஐயாவுக்குப் பரிஞ்சுதாங்க எந்திரிச்சாரு. 'இதுல ஒரு பாரபட்சமும் இல்ல, எங்க வீட்டுக்கும் ஒரு ஜாடி வந்திருக்கு'ன்னாரு. அமிர்தகணேசன் திரும்பி, 'அது எவ்வளவு பெரிசு?'ன்னு கேட்டாரு. இவரு யோசிக்காம ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டாருங்க."

அந்தப் பிச்சுமணியப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல விரும்பல்ல. எங்க சாரு சிரிக்கல்லயாம், கோவப்படல்லயாம். ஜாடிய ரெண்டு கையாலயும் எடுத்து, அரக்கு வச்சு சீல் பண்ணி, சான்றுப் பொருள்னு நம்பர் போடச் சொல்லிட்டு, கேச ஒத்தி வச்சிட்டு எந்திரிச்சிட்டாகளாம்.

மத்தியானம் வந்தாக. கோட்டக் கழட்டல்ல. "உலகு, மிச்சம் சீட்டு எங்க?"ன்னாக.

ஸ்டோர் ரூமத் தொறந்து விட்டேன். கல்யாணம் ஆயி ஆறு வருசத்துல அன்னைக்குத்தான் ஒரு ஸ்டோர் ரூமுக்குள்ள மொதமொத கால வைக்காக. ஜாடி ஜாடியா, டின்னு டின்னா, அலமாரி பூரா அவுக பேரு. ஒவ்வொண்ணாக் குனிஞ்சு வாசிக்காக. ஆவணம் பாக்குத மாதிரி. மாகாளிக் கெழங்கு வாசிச்சாச்சு. வடகம் வாசிச்சாச்சு. மண்ணெண்ணெய் டப்பாகிட்ட கொஞ்ச நேரம் நின்னாக. எலிப்பொறியக் கையில எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, அப்பிடியே அரிசி மூட்டை மேல உக்காந்திட்டாக. தோளு குலுங்குது. அழுதாகளா சிரிச்சாகளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வெயில்ல வந்த மனுசனுக்கு மோர் குடுக்காமப் போனோமேன்னு ஓடிப் போயி கொண்டாந்தேன்.

மோரக் குடிச்சாக. சோறு வேண்டாம்னுட்டாக. நேரா மேசைக்குப் போயி ஜில்லா ஜட்ஜுக்கு ஒரு கடிதாசி எழுதினாக. அந்த வருசந்தான் அவுக பேரு ஜில்லா ஜட்ஜு உத்தியோகத்துக்குப் போயிருந்துது. இந்த விசயம் மேல போனா அது போச்சு. போச்சுன்னு தெரிஞ்சேதான் எழுதினாக. முடிச்சதும் எனக்கு வாசிச்சுக் காட்டினாக. மனப்பாடமா இருக்கு, கேளுங்க.

"சீட்டு என்னுடையது. ஜாடி என் வீட்டது. மாவடு என் வீட்டில் போடப்பட்டது. அது எங்கிருந்து வந்தது என எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது என் கடமை. நேர்ந்த தவறு முழுவதும் என்னைச் சேர்ந்தது. வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றும்படி வேண்டுகிறேன்."

கேட்டியளா? நல்லாக் கேட்டியளா? "மாவடு என் வீட்டில் போடப்பட்டது." போடப்பட்டதாம்! தானா விழுந்து தானா ஊறின மாதிரி. வாங்கினது நானு, அலசினது நானு, காய வச்சது நானு, நாலு நாளு கையெல்லாம் எரிய எரிய கெளறினது நானு, லேபிள் ஒட்டினதும் நானு. என் பேரு ஒரு எடத்துல உண்டா? "என் மனைவி"ன்னு ஒரு வார்த்தை? எல்லாத்தையும் தானே செஞ்ச மாதிரி தன் பேர மட்டும் எழுதிக்கிட்டாக. ஆம்பளைங்க எல்லாம் அப்பிடித்தாம்மா. எவ்வளவு நேர்மையான ஜட்ஜா இருந்தாலும் பொம்பளைக்கு உள்ள பேரக் குடுக்க மனசு வராது.

அன்னைக்குச் சண்டை போட்டேன். "என் பேர எழுதுங்க"ன்னேன். "முடியாது"ன்னாக. "ஏன்?"னேன். "முடியாது, உலகு"ன்னாக. அவ்வளவுதான். கடிதாசி போயிட்டுது. ஒரு வாரம் நான் அவுககூடப் பேசல்ல.

பத்து நாள்ல ஜில்லா ஜட்ஜு தேவவரம் நேர்ல விசாரிக்க வீட்டுக்கே வந்துட்டாரு. ஆளு ஒசரம்னா ஒசரம், நெலையில தலை இடிக்கும். சிரிக்கவே மாட்டாராம். ரெண்டு முன்சீப்ப வீட்டுக்கு அனுப்பினவராம். சீல் வச்ச ஜாடியும் கூடவே கார்ல வந்துது. பட்டாசல்ல, அதான் முன் ஹால்ல, மேசை போட்டு ஜாடிய நடுவுல வச்சாக. சாரு கைதி மாதிரி நிக்காக. நான் அடுக்களை நெலைக்குப் பின்னால.

அவரு பையிலேருந்து ஒரு பூதக்கண்ணாடிய எடுத்தாரு. ஜாடிகிட்டக் குனிஞ்சாரு. குனிஞ்சவரு நிமிரல்ல. பொறவு கேட்டாரு பாருங்க: "மிஸ்டர் கோமதிநாயகம், இந்தத் தராசு மர பிளாக்கா, துத்தநாக பிளாக்கா?"

"துத்தநாகங்க ஐயா."

"காலித் தட்டு யாரோட யோசனை?"

"என்னோடதுங்க."

"பிரமாதம்!"னு சொல்லிட்டு, கார்லேருந்து ஒரு பெரிய ஆல்பத்த எடுத்து வரச் சொன்னாரு. அந்த மனுசனுக்கும் இதே கோட்டி, இதே பைத்தியம்! முப்பது வருசமா, செத்துப் போன ஜட்ஜு, வக்கீல், பாரிஸ்டர் எல்லாருடைய சீட்டையும் ஊர் ஊராப் போயிச் சேத்து ஒட்டி வச்சிருக்காரு. ஆமாம்மா, நீங்க போட்டோ பிடிச்சியளே, அதே ஆல்பந்தான்.

விசாரணைன்னு வந்தவரு ரெண்டு மணி நேரம் கதை சொல்லுதாரு. ஒரு வெள்ளக்கார ஜட்ஜு தன் நாயி படத்தப் போட்டிருந்தாராம். நாயி செத்ததும் அழுது அழுது, சீட்டச் சுத்திக் கறுப்புக் கரை போட்டு மறுபடி அடிச்சு, தொள்ளாயிரம் புஸ்தகத்துலயும் திரும்ப ஒட்டினாராம். சம்சாரம் செத்ததுக்கு ஒண்ணும் அடிக்கல்லயாம். ஒரு வக்கீலு மொதல்ல வக்கீல்னு சீட்டு ஒட்டி, சர்க்கார் வக்கீல் ஆனதும் அது மேலயே இன்னொண்ணு, ஜட்ஜு ஆனதும் அது மேல ஒண்ணு, பட்டம் வந்ததும் இன்னொண்ணு. கடைசியில புஸ்தகத்த மூடினா அட்டை மூடாதாம், வாயத் தொறந்துக்கிட்டே நிக்குமாம். இன்னொருத்தரு சாபம் அடிச்சு வச்சிருக்காரு. "இதைத் திருப்பித் தராதவன் வழக்கில் தோற்பான்"னு. ஒரு வக்கீல் எரவல் வாங்கித் திருப்பிக் குடுக்காம, நெசமாவே தோத்துட்டாராம். பயந்து போயிப் புஸ்தகத்தத் திருப்பிக் குடுத்துட்டு அப்பீல் போட்டாராம். ஜெயிச்சிட்டாராம்!

எங்க சாரு எப்ப உக்காந்தாக, எப்ப சிரிச்சாகன்னு தெரியல்ல. ரெண்டு பேரும் தலையோட தலை முட்ட ஆல்பத்துல கெடக்காக. விசாரணை எங்க போச்சோ!

கடைசியில தேவவரம், "உங்க சீட்டு ஒண்ணு குடுங்க, ஒட்டாததா, ஆல்பத்துக்கு"ன்னாரு.

சாரு என்னப் பாத்தாக. நான் மோட்டுவளையப் பாத்தேன். ஒட்டாதது ஒண்ணு கெடையாது. முந்நூத்தி எம்பதும் தீந்து போச்சு. புஸ்தகத்துல உள்ளதக் கிழிக்கிறது பாவம்னு அவரே சொல்லிட்டாரு. மத்த ஜாடியில உள்ளது எண்ணெயில ஊறிட்டுது, டின்னுல உள்ளது துருப் பிடிச்சிட்டுது. எலிப்பொறியில இருந்தத நான் சொல்லத்தான் செஞ்சேன், சாரு மொறைச்சாக.

அவரு கண்ணு பையப் பைய ஜாடி மேல போச்சு.

"ஐயா, அது சான்றுப் பொருளு"ன்னாக எங்க சாரு.

"விசாரணை அதிகாரி நான்"னாரு அவரு. "அம்மா, கொஞ்சம் வெந்நீர் கெடைக்குமா?"

இட்லிப் பானைய வச்சுக் கொதிக்க விட்டேன். ஜில்லா ஜட்ஜு கோட்டக் கழட்டிட்டு, சட்டைக் கையச் சுருட்டி விட்டுக்கிட்டு, ஜாடிய ஆவியில காட்டுதாரு. சீட்டு ஓரம் பைய எந்திரிக்கி. கூடவே அரக்கும் உருகி, மூடி நழுவி, வடு ஊறின தண்ணி வழிஞ்சு சீட்டு மேலயே கொட்டிட்டுது. அந்தக் கறைதான் நீங்க ரத்தம்னு நெனச்சது. "போச்சே!"ன்னு ரெண்டு ஜட்ஜும் ஒரே நேரத்துல கத்தினாகம்மா, வாசல்ல நின்ன பக்கிரிசாமி பழக்கதோசத்துல "சத்தம் போடாதே!"ன்னுட்டாரு.

எனக்கு ஒரு வருத்தம். மூடி தொறந்து வடு மணம் வீடு பூரா அடிக்கி. ஒரு தட்டுல ரெண்டு வச்சுக் கொண்டு போயி நீட்டுதேன். ஏறிட்டுக்கூடப் பாக்கல்ல. "ரத்தக் கொதிப்பு, உப்பு ஆகாது, அந்தப் பக்கம் வைங்க"ன்னாரு. கோர்ட்ட ரெண்டாக்கின வடு அது! வாயில போட்டுப் பாக்காமலே விசாரிச்சா அது என்ன விசாரணை?

ஆனா அவரு எழுதின அறிக்கை நியாயமாத்தான் இருந்துதுன்னு சாரு சொன்னாக. சீட்டே ஜாடியில இல்லன்னு எழுதிரட்டுமான்னு கேட்டாராம். சாரு, "இருந்துதுங்க ஐயா, அப்பிடியே எழுதுங்க"ன்னுட்டாக. அதனால, "பெயர்ச்சீட்டு வீட்டு உபயோகப் பொருளில் கவனக்குறைவால் ஒட்டப்பட்டுள்ளது, கெட்ட நோக்கம் இல்லை, சீட்டு மேல் ஆய்வுக்காக விசாரணை அதிகாரி வசம் உள்ளது"ன்னு போட்டாரு. மேல் ஆய்வு இன்னைக்கு வரைக்கும் நடக்குது போல. ஆல்பத்துலதான இருக்கு.

கேசு வேற கோர்ட்டுக்குப் போச்சு. பதினோரு வருசம் நடந்துதாம், அதுக்குள்ள சர்க்கார் தோப்பு நடுவுல ரோடு போட்டுட்டாக. எங்களுக்கு மாத்தல் வந்துது. ஒரே கருவேலங்காடு, குடிக்கத் தண்ணிக்கு ரெண்டு மைல். ஜில்லா ஜட்ஜு உத்தியோகம் மூணு வருசம் தள்ளிப் போச்சு. சாரு ஒரு நாளு, ஒரு பொழுது, "உன்னாலதான்"னு சொன்னதில்ல. எப்பிடிச் சொல்லுவாக? அந்தப் பேரக்கூட எனக்குக் குடுக்க மனசில்லையே!

நான்தான் சொல்லிக் காட்டிக்கிட்டே இருந்தேன். "எல்லாஞ் செஞ்சது நானு, கடிதாசியில என் பேரு இல்ல"ன்னு. சோறு போடும்போது சொல்லுவேன். வெத்தலை மடிக்கும்போது சொல்லுவேன். அவுக கேட்டுக்கிட்டே இருப்பாக.

அந்தக் காட்டு ஊருக்குப் போயி நாலாவது மாசம் மெட்ராசுலேருந்து ஒரு பார்சல் வந்துது. பிரிச்சுப் பாத்தா லேபிளு. புதுசு. ஒரு ஜாடி படம், வயிறு பெருத்த ஜாடி, மேல மூடி கிரீடம் மாதிரி. கீழ ஒரே வரி: "உடையவர்: உலகம்மாள்."

"இனிமே உன் சீட்ட நீ ஒட்டு, என் சீட்ட நான் ஒட்டிக்கிடுதேன்"னாக.

பேருக்குப் பின்னால ஒண்ணும் போடல்ல. அவுகளுக்கு மட்டும் பி.ஏ., பி.எல். எனக்கு அஞ்சாங் கிளாஸ்னாவது போட்டிருக்கலாம். ஆனாலும் பரவாயில்லன்னு எடுத்துக்கிட்டேன். அங்க மாங்காயே கெடையாது, என்னத்தப் போட? வெறும் லேபிள வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்பப் பாத்து, சலவைக்குப் போன எடத்துல அவுக கறுப்புக் கவுனும் ஒரு வக்கீலோட கவுனும் மாறிப் போச்சு. இவுகளுக்கு வந்தது முட்டு வரைக்குந்தான். அதப் போட்டுக்கிட்டு ரெண்டு நாளு ஆசனத்துல உக்காந்திருக்காக, ஒண்ணும் தெரியாம. விட்டா உருப்படுமா? கவுனத் திருப்பி வாங்கி, உள்பக்கம் கழுத்துப் பட்டைக்குக் கீழ என் லேபிள் ஒண்ண ஒட்டினேன். பசை நிக்காதுன்னு நாலு ஓரமும் ஓட்டுத் தையல் போட்டேன். அவுககிட்டச் சொல்லல்ல.

ஒரு வாரங் கழிச்சு, கோர்ட்டுல பெஞ்சு கிளார்க்கு கவுன மாட்டி விடும்போது பாத்துட்டாராம். பதறிப் போயி, "ஐயா, உள்ள ஏதோ ஊறுகாய்ச் சீட்டு இருக்கு, பிரிச்சிரட்டுமா?"ன்னாராம். கிளார்க்கு சம்சாரம் எங்கிட்ட வந்து சொன்னா. சாரு கவுனத் திரும்ப வாங்கி, கண்ணாடிய மேல தூக்கிட்டு, "உடையவர்: உலகம்மாள்"னு சத்தமா வாசிச்சாகளாம். பொறவு, "இருக்கட்டும். சரியாத்தான் ஒட்டியிருக்கு"ன்னு சொல்லி, அதையே மாட்டிக்கிட்டு கோர்ட்டுக்குள்ள போயிட்டாகளாம். ரிட்டயர் ஆவுத வரைக்கும் அதப் பிரிக்க விடல்ல.

தையலத்தாம்மா சொல்லியிருக்காக. நாலு ஓரமும் ஒரு நூலு கோணல்ல.